சிறை புகுந்த கடிதங்கள்

சிறைப்பட்டோர் எழுதிய கடிதங்களை வரலாற்றாசிரியர் விரும்பிப் பயில்வர். அவர்க்கு எழுதப்பட்டவற்றை நோக்குவோர் சிலரே. தென்னாபிரிக்க அரசு 1964 இல் நெல்சன் மண்டேலாவை றொபன் தீவுச் சிறையில் அடைத்தபோது, கடைநிலையாகிய 'டி' வகுப்பில் வைக்கப்பெற்ற அவர் ஆறு திங்களுக்கு ஒரு கடிதமே பெறலாம். அதுவும் நெருங்கிய உறவினரிடமிருந்து, 500 சொற்களுக்கு மேற்படாததாய்.

வந்த கடிதமும் முழுமையாய்க் கிட்டுவதரிது. தணிக்கையாளர் முதலில் வேண்டாத வரிகளை மையினால் மறைத்தனர். கைதிகள் அம்மையைக் கழுவிப் படிக்க வல்லர் என்பது தெரிந்ததும், சவர அலகு கொண்டு அறுத்தெடுக்கத் தலைப்பட்டனர். தாளின் இருபுறமும் எழுதுதல் வழக்கமாதலின், ஒருபுறத்து அரசியலோடு மறுபுறத்து வீட்டுச் செய்தியும் போயிற்று. பிள்ளையின் படிப்பைக் கூறும் வரி செய்த குற்றம் யாது? மை பூசிய ஏடு பிற்கால ஆராய்ச்சியாளனுக்கு ஒருவாறு உதவும். அறுத்த ஏட்டில் அவன் காண்பது துளையொன்றே.

1969 யூலையில் மூத்த மகன் தெம்பி மோட்டார் விபத்தில் இறந்தான். இளைய மகன் அனுப்பிய தந்தி ஒரே வாக்கியம். அடக்கத்துக்குச் செல்ல மண்டேலா அனுமதி வேண்டினார், மறுக்கப்பட்டது. தெம்பியின் தாய்க்கு ஒரு கடிதம் எழுத மட்டும் இசைந்தனர்.