வானத்துல ஒரு புள்ளி: கேமராத் தூசியோட 180 வருஷக் கதை

இந்த எபிசோடுக்கு லொக்கேஷன் மீன்சுருட்டி. சென்னையிலிருந்து கும்பகோணம் போற பஸ்ல தூங்கிட்டே கடந்திருப்பீங்க. அரியலூர் மாவட்டம், உடையார்பாளையம் தாலுகா. இங்கிருந்து ஜெயங்கொண்டம் பக்கம் திரும்பினா கொஞ்ச தூரத்துல கங்கைகொண்ட சோழபுரம். அதே ரோட்டுல திரும்பாம தெற்கே போனா அணைக்கரை, கொள்ளிடம்.

சனி, ஞாயிறுல கேமராப் பையோட இந்தப் பக்கம் வர்ற கூட்டத்துல நானும் ஒருத்தன். ராஜேந்திர சோழன் கட்டின விமானத்தைக் கீழே நின்னு அண்ணாந்து எடுப்போம். மேல முழுக்க நீல வானம். வீட்டுக்கு வந்து லேப்டாப்ல போட்டுப் பாத்தா, வானத்துல சாம்பல் நிறத்துல ஒரு புள்ளி. அடுத்த படத்துலயும் அதே இடத்துல. நாற்பது படத்துலயும் அதே இடத்துல. பறவையா இருந்தா நகர்ந்திருக்கும். இது கேமராவுக்குள்ள இருக்கிற தூசி. எங்க வேலையில இதுக்கு ஒரு பேர் வெச்சிருப்போம்: ஹார்டுகோடட் பக்.

இந்தப் புள்ளிக்கு ஒரு வரலாறு இருக்கு. அது கேமரா வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடியே, இதே மண்ணுல ஆரம்பிக்குது.

1836-ல கொள்ளிடத்துக்குக் குறுக்கே கீழணை கட்டினாங்க. ஆர்தர் காட்டன் காலம். அணைக்குக் கல் வேணும். பக்கத்துல கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயில் மதில் நின்னுட்டிருந்தது. அதைப் பிரிச்சு எடுத்துட்டுப் போனாங்க. அந்த அணையால டெல்டாவுல எத்தனையோ வயல் தண்ணி பாத்தது, அதை மறுக்கல. ஆனா தேதியைக் கவனிங்க. புகைப்படக் கலையைப் பாரிஸ்ல உலகத்துக்கு அறிவிச்சது 1839 ஆகஸ்ட்ல. மூணே வருஷ வித்தியாசம். அந்த மதிலை முழுசாக் காட்டுற ஒரு போட்டோ இருக்க வழியே இல்ல. தூசி விழுந்த போட்டோ, பாதி கெட்டுப்போன போட்டோ, எதுவும் கிடையாது. கோயிலைப் போட்டோ எடுக்கிறது வெறும் இன்ஸ்டாகிராம் சமாச்சாரம் இல்லைன்னு நான் நினைக்கிறதுக்கு இதுதான் காரணம்.

அதுக்கு அப்புறம் சுமார் இருபது வருஷம் கழிச்சு ஒருத்தர் வர்றார். லின்னேயஸ் ட்ரைப். கிழக்கிந்தியக் கம்பெனியோட மதராஸ் படையில அதிகாரி. 1856-ல மதராஸ் அரசாங்கம் அவரை அரசுப் புகைப்படக்காரரா நியமிச்சது. 1857 கடைசியிலிருந்து 1858 வரைக்கும் ஸ்ரீரங்கம், திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர்னு சுத்தினார். கையில பெரிய மரக் கேமரா. ஃபிலிம் கிடையாது. பெரும்பாலும் மெழுகு ஏத்தின காகிதம்தான் நெகட்டிவ்.

அப்போ கண்ணாடித் தட்டும் இருந்தது. 1851-லேயே ஃப்ரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் ஈரக் கொலோடியன் முறையைச் சொல்லிட்டார். படம் இன்னும் துல்லியமா வரும். ஆனா தட்டு ஈரமா, பிசுபிசுன்னு இருக்கும்போதே படம் எடுத்து, காயறதுக்குள்ள கழுவணும். நம்ம ஊர் வெயில்ல, மாட்டு வண்டி கிளப்புற புழுதியில, பிசுபிசுப்பான ஒரு கண்ணாடியைத் திறந்து வெச்சா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. தூசி ஒட்டி, ரசாயனம் அதைச் சுத்தி வழிஞ்சு, வால் நட்சத்திரம் மாதிரி ஒரு கறை விழும். மெழுகுக் காகிதத்தை முன்கூட்டியே தயார் பண்ணி எடுத்துட்டுப் போகலாம், பிறகு சாவகாசமா கழுவலாம். அதுக்கும் தலைவலி உண்டு. காகிதக் கூழ்லயே இருக்கிற பொடி இரும்புத் துகள் வெள்ளி உப்போட சேர்ந்து புள்ளி விழும்.

இன்னொரு சிக்கல் வானம். அந்தக் கால ரசாயனத்துக்கு நீல ஒளி மேலதான் பிரியம். அதனால நீல வானம் அளவுக்கு மீறிப் பதிஞ்சு, அச்சுல வெறும் வெள்ளையாவோ திட்டுத்திட்டாவோ வரும். அந்த வெற்று இடத்துலதான் ஒவ்வொரு புள்ளியும் பளிச்சுன்னு தெரியும். நம்ம பிரச்சினையேதான். கல்லுல, மரத்துல, கூட்டத்துல தூசி ஒளிஞ்சுக்கும். வானத்துல ஒளிய இடம் இல்ல.

ட்ரைப் என்ன பண்ணார்? பிரஷ் எடுத்தார். நெகட்டிவ் மேல வண்ணம் தீட்டி, சில படங்கள்ல இல்லாத மேகத்தையே வரைஞ்சார். 1850-கள்லயே ஃபோட்டோஷாப்! ரசிக்கிறேன், ஆனா கொஞ்சம் உறுத்தவும் செய்யுது. ஏன்னா அதே மனுஷன்தான் தஞ்சைப் பெரிய கோயிலோட அடித்தளத்துல இருக்கிற கல்வெட்டை, கேமராவை நகர்த்தி நகர்த்தி எடுத்து, 21 படமா ஒட்டினார். கிட்டத்தட்ட 19 அடி நீளம். தஞ்சைக் கல்வெட்டுகள் ஹுல்ட்ஸ் பதிப்புல புத்தகமா வர ஆரம்பிச்சதே 1891-லதான். வானத்துல மேகம் வரையலாம். கல்வெட்டுல ஒரு புள்ளியை அழிக்கலாமா, சேர்க்கலாமா?

இது விளையாட்டுக் கேள்வி இல்ல. சோழர் காலக் கல்வெட்டுகள்ல மெய்யெழுத்துக்குப் புள்ளி பெரும்பாலும் இருக்காது. க-வா, க்-கான்னு சூழலை வெச்சுத்தான் படிக்கணும். அங்க உங்க கேமராத் தூசி சரியா எழுத்து மேல போய் உக்காந்தா, இல்லாத புள்ளி முளைச்சிடும். தலைகீழாவும் நடக்கும். எடிட்டிங் ஆப்ல ஹீலிங் பிரஷ்ஷால தேய்ச்சா, சிற்பி உளியால வெட்டின கோட்டையும் சேர்த்து அது விழுங்கிடும். இப்ப ஏ.ஐ. வேற பக்கத்துக் கல்லைப் பாத்துத் தானே கற்பனையில நிரப்பிக் கொடுக்குது. கல்வெட்டுத் துறை ஆட்கள் காகிதத்தை நனைச்சுக் கல் மேல ஒட்டி, பிரஷ்ஷால தட்டி, மை ஒத்தி மைப்படி எடுக்கிறதை இன்னும் விடலைன்னா அதுக்கு நியாயம் இருக்கு.

ட்ரைப் கதை சோகமா முடியுது. 1859-ல வந்த கவர்னர் சார்லஸ் ட்ரெவெல்யன் இது வீண் செலவுன்னு நிறுத்திட்டார். பட்ஜெட் கட். அந்த வலி ஐ.டி.யில இருக்கிற நமக்குப் புரியும்.

ஃபிலிம் ரோல் வந்த பிறகு தூசி கொஞ்சம் மரியாதையா நடந்துக்கிச்சு. ஒவ்வொரு படத்துக்கும் புது ஃபிலிம் வந்து நிக்கிறதால, ஒரு படத்துல ஒட்டின தூசி அந்தப் படத்தோடயே போயிடும். மிச்ச புள்ளியை ஸ்டூடியோவுல டச்சிங் பண்றவர் நுனி சீவின பென்சிலால நெகட்டிவ்லயே சரிபண்ணிடுவார். சினிமாவுல மட்டும் ஷாட் ஓகே ஆனதும் கேமராவைத் திறந்து கேட்டுல முடி, துணுக்கு சிக்கியிருக்கான்னு பாப்பாங்க.

டிஜிட்டல்ல ஃபிலிம் நகராது. சென்சார் ஒண்ணுதான், அது அங்கேயேதான் இருக்கும். லென்ஸ் மாத்தும்போது உள்ள போன தூசி, சென்சாருக்கு முன்னாடி இருக்கிற மெல்லிய கண்ணாடி வடிகட்டி மேல உக்காந்துக்கும். நாம பாக்கிறது தூசியை இல்ல, அதோட நிழலை. டியூப் லைட்டுக்குக் கீழ கையை நீட்டினா நிழல் மங்கலா விழும், போன் டார்ச்சுல நீட்டினா கூர்மையா விழும் இல்லையா? அதே கணக்குதான். எஃப் 2.8-ல தூசி தெரியாது. உச்சி வெயில்ல எஃப் 16 வெச்சீங்கன்னா மொத்த வண்டவாளமும் வெளிய வரும். ஒரு தலைமுடி சுமார் 70 மைக்ரான். 24 மெகாபிக்சல் ஏ.பி.எஸ்.-சி சென்சார்ல ஒரு பிக்சல் சுமார் 4 மைக்ரான். அப்போ ஒரு முடித்துண்டு 17, 18 பிக்சல் அகலம்.

கம்பெனிகளும் சும்மா இருக்கல. 2003-ல ஒலிம்பஸ் இ-1 அந்தக் கண்ணாடியையே அல்ட்ராசானிக் வேகத்துல அதிர வெச்சுத் தூசியை உதறிச்சு. 2006-ல கேனான் 400டி அதே வழிக்கு வந்தது. ஆனா பிசுக்கை எந்த அதிர்வும் உதறாது. 2012-ல வந்த நிக்கான் டி600-ல படத்தோட இடது மேல் பக்கம் புள்ளி புள்ளியா விழுதுன்னு பெரிய புகார் எழுந்தது. 2013 பிப்ரவரியில நிக்கானே அறிவிப்பு வெளியிட்டது, அக்டோபர்ல டி610 வந்தது, 2014-ல ஷட்டரை இலவசமா மாத்திக் கொடுத்தாங்க. வெளியிலிருந்து வராம, உள்ளேயிருந்தே அழுக்கு கிளம்பலாம்னு எல்லாருக்கும் புரிஞ்சது அப்போதான்.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். அரியலூர் பக்கம் சுண்ணாம்புக்கல், சிமெண்ட் லாரி. அந்தப் பூமி சுமார் 10 கோடி வருஷத்துக்கு முன்னாடி கடல். உங்க சென்சார்ல இருக்கிறது ஒரு பழைய சிப்பியோட பொடியாக்கூட இருக்கலாம். அதோட கடினம் மோஸ் அளவுல 3. கண்ணாடி 5, 6-க்குள்ள வரும், சிப்பிப்பொடியால அதைக் கீற முடியாது. ஆனா கொள்ளிடத்து மணல் குவார்ட்ஸ், அதுக்கு 7. ரெண்டுல எது உள்ள இருக்குன்னு உங்களுக்குத் தெரியாது. அதனால துடைக்கிறது கடைசி வேலை, ஊதறதுதான் முதல் வேலை. வாயால ஊதாதீங்க, எச்சில் தெறிக்கும். கேன்ல அடைச்ச காத்தும் வேண்டாம், அதுலயிருந்து திரவம் பீச்சி அடிச்சா புதுக் கறை. ரப்பர் பல்பு ஊதி போதும். பேட்டரி ஃபுல்லா இருக்கட்டும். கிளீனிங் மோடுல கண்ணாடி, ஷட்டர் எல்லாம் விலகி நிக்கும்போது சார்ஜ் போனா டப்புன்னு மூடிக்கும். கேமரா வாயைக் கீழ பாத்துப் பிடிச்சு ஊதுங்க.

புள்ளி எங்க இருக்குன்னு தேடும்போது ஒண்ணு கவனிங்க. சென்சார்ல பிம்பம் தலைகீழா விழும். படத்துல இடது மேல் மூலையில தெரியறது, கேமராவை முன்னாடியிருந்து பாத்தா இடது கீழ் மூலையில இருக்கும். ஊதியும் போகல, வட்டமா விளிம்போட தெரியுதுன்னா அது எண்ணெய்ப் பிசுக்கு. சென்சார் அளவுக்கான ஸ்வாப்ல ரெண்டு சொட்டு திரவம் விட்டு, ஒரே திசையில ஒரே இழுப்பு. கை நடுங்குதுன்னா சர்வீஸ் சென்டர்ல கொடுத்துடுங்க.

கோயில்ல என் பழக்கத்தையும் சொல்லிடறேன். மீன்சுருட்டி டீக்கடையிலயே தேவையான லென்ஸை மாட்டிடுவேன், ரோட்டோரக் காத்துக்கு முதுகைக் காட்டிக்கிட்டு. கோயிலுக்குள்ள போனதும் வெற்று வானத்தை எஃப் 22-ல, ஃபோகஸ் இல்லாம ஒரு டெஸ்ட் ஷாட். அந்த ஒரு படத்தையும் அன்னைக்கு எடுத்த கல்வெட்டுப் படங்களோட அதே ஃபோல்டர்ல ரா ஃபைலாவே வெச்சிடுவேன், எதையும் தேய்க்காம. பத்து வருஷம் கழிச்சு யாராவது அந்தக் கல்வெட்டைப் படிக்க உக்காந்து, இந்தப் புள்ளி கல்லுல இருந்ததா, கேமராவுல இருந்ததான்னு சந்தேகப்பட்டா, ரெண்டு படத்தையும் ஒண்ணு மேல ஒண்ணு வெச்சுப் பாத்துக்கட்டும்.