ஆவாரங்குச்சியும் ஏகபோகமும்

கஞ்சமலை அடிவாரத்தில், சித்தர் கோவிலுக்குப் போகும் பாதையை விட்டு விலகி நடந்தால், உழுது போட்ட நிலங்களின் வரப்போரத்தில் கறுத்த கற்கள் சில அகப்படும். கல் என்று சொல்வது வழக்கத்துக்காக. கையில் எடுத்தால் கனம் வேறு. ஒரு பக்கம் கண்ணாடிபோல் வழவழப்பு, மறுபக்கம் கொதித்து அடங்கிய கஞ்சியின் மேல்தோல் மாதிரி குமிழ்கள். இரும்புக் கிட்டம். வைத்தியர்கள் மண்டூரம் என்பார்கள். ஒன்றை எடுத்து வந்து என் கவுண்டரில் பேப்பர் வெயிட்டாக வைத்திருக்கிறேன். ஆடிட்டுக்கு வந்தவர் ஒருவர் அதை விண்கல் என்று நினைத்துக்கொண்டார். நான் மறுக்கவில்லை.

சேலத்து இரும்பைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் டமாஸ்கஸ் வாளில் ஆரம்பிக்கிறார்கள். நம் உருக்கு அரேபியா போயிற்று, 1819-ல் ஃபாரடே அதைப் பகுத்துப் பார்த்தான், இங்கிலாந்தே அதிசயித்தது என்று வரிசையாகச் சொல்லி, கடைசியில் ஒரு பெருமூச்சுடன் முடிக்கிறார்கள். இவற்றில் பொய் எதுவும் இல்லை. ஆனால் இந்தப் பெருமூச்சு சௌகரியமானது. பெருமைப்படுகிறவன் கணக்குக் கேட்பதில்லை. யாருக்கு எந்த உரிமை எந்தத் தாளில் எழுதிக் கொடுக்கப்பட்டது என்ற அலுப்பூட்டும் கேள்வியை அவன் எழுப்புவதேயில்லை. நான் வங்கிக் குமாஸ்தா. தாள்களை நம்பிப் பிழைப்பவன். எனக்கு அந்த அலுப்பு பழகிவிட்டது.

ஜோசையா மார்ஷல் ஹீத் என்பவன் சென்னை ராஜதானியில் கம்பெனி உத்தியோகஸ்தன். வர்த்தக ரெசிடெண்டாக இருந்தவன். வர்த்தக ரெசிடெண்ட் என்றால் என்ன என்பதை நாம் மறந்துவிட்டோம். நெசவாளிக்கு முன்பணம் கொடுத்துத் துணி கொள்முதல் செய்யும் கம்பெனியின் ஆள். அதே சமயம் சர்க்காரின் ஆள். வாங்குகிற வியாபாரியும், அந்த வியாபாரத்தில் வழக்கு வந்தால் நெசவாளி போய் நிற்க வேண்டிய அதிகாரமும் ஒரே கம்பெனி. 1792-ல் திப்புவிடமிருந்து சேலமும் பாராமகாலும் கை மாறியபோது, ரீடும் மன்றோவும் வந்து நிலத்தை அளந்து ரயத்துவாரிக்கு அடிபோட்டது எல்லோருக்கும் தெரிந்த சரித்திரம். அளந்தவன் வியாபாரியின் சம்பளக்காரன் என்பதை மட்டும் நம் பாடப் புத்தகங்கள் மெதுவாகத் தாண்டிப் போகின்றன.

1825 வாக்கில் ஹீத் ஒரு விண்ணப்பம் போட்டான். ஐரோப்பிய முறையில் பெரிய அளவில் இரும்பு காய்ச்சும் தனியுரிமை ராஜதானி முழுவதற்கும் தனக்கே வேண்டும், முன்பணமும் வேண்டும். இரண்டும் கிடைத்தன. உத்தியோகத்தை விட்டான். 1830-ல் பரங்கிப்பேட்டையில் உலை எழுந்தது. 1833-ல் அது போர்ட்டோ நோவோ உருக்கு இரும்புக் கம்பெனியாயிற்று. பிறகு மலபார்க் கரையில் பேப்பூரிலும் ஓர் உலை. இவற்றோடு, கரிக்காக மரம் வெட்டும் உரிமை. விண்ணப்பம் எழுதுகிறவனுக்கு விண்ணப்பத்தைப் படிக்கிறவர்களின் மொழி தெரிந்திருந்தது. நேற்றுவரை அவனும் மேஜையின் அந்தப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன்தான். இதை லஞ்சம் என்று சொல்ல முடியாது. லஞ்சத்துக்கு அவசியமே இல்லாத நெருக்கம் அது. என் அனுபவத்தில் பெரிய கடன்கள் இப்படித்தான் பாஸாகின்றன; சின்னக் கடன்களுக்குத்தான் சிபாரிசு தேவைப்படுகிறது.

ஹீத்தை வில்லனாக்கிவிட்டால் விஷயம் சுலபமாகிவிடும். அவன் வில்லன் இல்லை. 1839-ல் ராயல் ஏஷியாட்டிக் சொஸைட்டியின் பத்திரிகையில் இந்திய இரும்பையும் உருக்கையும் பற்றி அவன் எழுதிய கட்டுரையை நம்மவர்கள் அவசியம் படிக்க வேண்டும். ஆற்றுப் படுகையில் சேரும் கருமணலையும், பொடித்த தாதுவையும் புடைத்துக் கழுவி எடுப்பது, ஆள் உயரம்கூட இல்லாத மண் உலை, ஆட்டுத்தோல் துருத்தி, பிறகு அந்த இரும்பைத் துண்டாக்கிச் சின்ன மண்குகையில் இட்டு, அதோடு உலர்ந்த ஆவாரங்குச்சியையும் மேலே ஓரிரண்டு எருக்கிலையையும் வைத்து, வாயை மண்ணால் அடைத்து, குகைகளை அடுக்கி ஊதுவது. இரண்டரை மணி நேரத்தில் உருக்கு. இங்கிலாந்தில் 1800-ல் மஷெட் ஒரு காப்புரிமை பெற்றிருந்தான். இரும்பையும் கரியையும் மூடிய குகையில் சேர்த்து உருக்குவது. 1825-ல் மக்கின்டாஷ் இன்னொன்று பெற்றான். கரிவாயுவின் வழியாக இரும்பை உருக்காக்குவது. இந்த இரண்டு தத்துவங்களும் சேலத்துக் கொல்லனின் அடைத்த குகைக்குள் ஒன்றாகவே இருக்கின்றன என்று எழுதியவன் ஹீத். ஆவாரங்குச்சி கரியைத் தந்தது, பச்சையிலை வாயுவைத் தந்தது. வெள்ளைக்காரனிடம் இது பெரிய மனசு என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் கவனியுங்கள்: அவன் ஒப்பிட்டது இரண்டு காப்புரிமைகளோடு. மூன்றாவதான கொல்லனிடம் எந்தத் தாளும் இல்லை. தாள் இல்லாதவனின் அறிவு வழக்கம் ஆகிவிடுகிறது. வழக்கம் யாருக்கும் சொந்தமில்லை, எடுத்துக்கொள்ளலாம்.

கொல்லனிடம் இருந்தது வரி ரசீதுதான். மோதுர்பா என்ற பெயரில் தறிக்கும் தொழிலுக்கும் போடப்பட்ட வரி, 1860-களின் தொடக்கத்தில் வருமான வரி வந்த பிறகே இந்த ராஜதானியில் எடுபட்டது. அதாவது, ஹீத்தின் உலைக்கு சர்க்கார் முன்பணம் கொடுத்த வருஷங்களில், கைத்தொழிலுக்கு சர்க்கார் வரி போட்டுக்கொண்டிருந்தது. இரண்டும் ஒரே கஜானா. சந்தையில் இரண்டு உலைகள் போட்டியிட்டன, சிறந்தது வென்றது என்று பொருளாதாரப் பாடத்தில் சொல்வார்கள். இங்கே சிறந்ததும் வெல்லவில்லை என்பதுதான் வேடிக்கை. பெரிய உலையும் தோற்றது.

ஏன் தோற்றது? நாட்டு உலை காட்டைத் தேடிப் போகும். கரி தீர்ந்தால் உலையை உடைத்துவிட்டு அடுத்த சரிவில் கட்டிக்கொள்ளலாம், மண்ணுக்கா பஞ்சம்? வெட்டின சரிவு மறுபடி துளிர்க்க அவகாசம் கிடைக்கும். கம்பெனி உலை நகராது. காடு அதனிடம் வர வேண்டும். ஒரு டன் இரும்புக்கு அதைப்போல் பல மடங்கு எடையுள்ள விறகு எரிய வேண்டும். பக்கத்துக் காடு தீர்ந்தால் அடுத்தது, அதுவும் தீர்ந்தால் அதற்கப்பால். ஒவ்வொரு வருஷமும் கரி இன்னும் கொஞ்சம் தூரத்திலிருந்து வரும், வண்டிச் சத்தம் ஏறும். சீமையிலோ நிலக்கரி உலையில் காய்ச்சிய இரும்பின் விலை இறங்கிக்கொண்டே போயிற்று. அளவைப் பெரிதாக்கினால் செலவு குறையும் என்ற நம்பிக்கை, காடு எல்லையற்றது என்ற கணக்கின்மேல் நின்றது. மரம் வெட்டும் உரிமையைக் கொடுத்த தாளில் காட்டுக்கு எல்லை போட யாருக்கும் தோன்றவில்லை. இங்கிருந்து போன இரும்பு வேல்ஸில் 1850-ல் திறந்த பிரிட்டானியா பாலத்தில் சேர்ந்தது என்பார்கள். அந்தப் பாலத்தை நம்மூர்ப் பெருமைகளின் பட்டியலில் சேர்ப்பதற்கு முன் இந்த விறகையும் நினைத்துக்கொள்ளலாம்.

1833 என்ற வருஷத்துக்கு இன்னொரு முக்கியத்துவம் உண்டு. அந்த வருஷத்துச் சாசனச் சட்டம் கிழக்கிந்தியக் கம்பெனியின் வியாபாரத்தை முற்றாக நிறுத்தியது. இனி ஆட்சி மட்டும். ஒரு மகா நிறுவனத்தைச் சட்டம் கட்டுப்படுத்திய மகத்தான தருணம் என்று இதைப் படித்து நான் பி.ஏ.யில் மார்க் வாங்கினேன். அப்போது கண்ணில் படாத ஷரத்து ஒன்று உண்டு: கம்பெனியின் பங்குதாரர்களுக்கு வருஷத்துக்குப் பத்தரை சதவீத லாபப் பங்கு தொடர்ந்து கிடைக்கும், இந்திய வருவாயிலிருந்து. கடையை மூடிய வியாபாரிக்கு ஊர் வரியிலிருந்து லாபம்! ராசிபுரத்திலும் நாமக்கல்லிலும் கிஸ்தி கட்டியவன் லண்டனில் ஒரு விதவையின் பங்குப் பத்திரத்துக்கு வட்டி கட்டினான்; 1858-ல் ஆட்சி ராணிக்குப் போன பிறகும், 1874-ல் கம்பெனி அடியோடு கலைக்கப்படும்வரை கட்டினான். கட்டுப்பாடு என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் பத்தரை சதவீதம் ஞாபகம் வந்துவிடுகிறது. யாரை யார் கட்டினார்கள்?

ஹீத்தின் முடிவு விசித்திரமானது. இங்கிலாந்து திரும்பி, 1839-ல் குகை உருக்கில் மாங்கனீஸ் கரிக்கூட்டைச் சேர்க்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றான். ஸ்வீடன் இரும்பை நம்பியிருந்த ஷெஃபீல்டு, உள்ளூர் இரும்பிலேயே நல்ல உருக்குச் செய்ய அது வழிவிட்டது. அவனுடைய ஆளாக இருந்த அன்வின் என்பவன், மாங்கனீஸ் ஆக்ஸைடையும் தாரையும் தனித்தனியாகக் குகையில் போட்டால் அதே கூட்டு உள்ளேயே உண்டாகிறது, ஆகவே இது காப்புரிமையில் அடங்காது என்று சொல்லிவிட்டான். வழக்கு பத்து வருஷங்களுக்கு மேல் நடந்தது. ஹீத் 1851-ல் இறந்தான். பிரபுக்கள் சபையின் தீர்ப்பு 1855-ல் வந்தது, அவனுக்கு எதிராக. தாளில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் உரிமை, குகைக்குள் என்ன நடக்கிறது என்பது கணக்கில்லை என்று அவனுடைய நாட்டுச் சட்டமே அவனுக்குச் சொன்னது. இதைக் கவிதா நியாயம் என்று ரசிக்க என்னால் முடியவில்லை. சேலத்துக் கொல்லன் வழக்குப் போடக்கூட முடியாது. ஹீத் போட்டுத் தோற்றான். இரண்டும் ஒன்றல்ல.

அவனுக்குப் பின், 1853-ல், நாலு லட்சம் பவுன் மூலதனத்தில் கிழக்கிந்திய இரும்புக் கம்பெனி என்று புதிதாக ஒன்று முளைத்தது. சேலம் ஜில்லாவில் காவிரிக் கரையில் பூலாம்பட்டியில் ஓர் உலை, தென்னார்க்காட்டில் ஒன்று. சில வருஷங்களில் அவை அணைந்தன. 1860-களில் பரங்கிப்பேட்டையும் பேப்பூரும் அணைந்தன. பூலாம்பட்டிக்கு இன்று படகு சவாரிக்காகவும் சினிமாப் படப்பிடிப்புக்காகவும் போகிறார்கள். அங்கே ஊதுலை இருந்தது என்று நான் சொன்னபோது படகுக்காரர் என்னைப் பார்த்த பார்வையை விவரிக்கப் போவதில்லை.

உலைகள் அணைந்துகொண்டிருந்த அதே வருஷங்களில்தான் சென்னையிலிருந்து பேப்பூருக்குச் சேலம் வழியாக ரயில் போடப்பட்டது. ரயில் கம்பெனிக்கு ஐந்து சதவீத லாபத்துக்கு சர்க்கார் ஜாமீன். தண்டவாளம் சீமையிலிருந்து. இரும்பு மலையைச் சுற்றிக்கொண்டு இறக்குமதி இரும்பு ஓடியது. மரத்துக்கோ திடீரென்று எஜமானர்கள் வந்தார்கள்: 1856-ல் கிளெக்ஹார்ன் தலைமையில் வன இலாகா, 1882-ல் சென்னை வனச் சட்டம். காடு அழிந்தது உண்மை, காவல் தேவை என்பதும் உண்மை. ஆனால் காவல் வந்தபோது பெரிய கோடாரிகள் போய்விட்டிருந்தன. சட்டத்தின் கையில் அகப்பட்டவன் தலைச்சுமை விறகுக்காரன், கரி மூட்டம் போடுகிறவன், அந்தக் கரியை நம்பி உலை வைத்தவன். 1892-ல் புவியியல் துறையின் ஹாலண்ட் சேலம் ஜில்லாவின் தாதுக்களையும் இரும்புத் தொழிலையும் பற்றி அறிக்கை எழுதியபோது, கஞ்சமலை, கோதுமலை, கொல்லிமலைப் பக்கத்துப் படிவங்களையெல்லாம் கவனமாக வகைப்படுத்தினார். படிவங்கள் இருந்தன. காய்ச்சுகிறவர்கள்தான் குறைந்துகொண்டிருந்தார்கள்.

பிறகு நம்முடைய காலம். 1970-ல் சேலம் உருக்காலைக்கு இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார். கஞ்சமலைத் தாதுவும் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியும் சேரும் என்பது ஜில்லாவே கண்ட கனவு. 1980-களின் தொடக்கத்தில் கிடைத்தது, வெளியிலிருந்து வந்த எவர்சில்வர்ச் சுருளைத் தகடாக இழைக்கும் ஆலை. மலை பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. நாணயத்துக்கான வட்டத் தகடுகளும் அங்கே வெட்டினார்கள். நான் எண்ணித் தள்ளும் சில்லறையில் எது அந்த ஆலையின் தகடு என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. 2019-ல் இதற்கு வாங்க ஆள் தேடி மத்திய அரசு விருப்ப மனுக்கள் கேட்டது. அதற்கு முன்பே, 2000-களில், மாநில அரசின் டிட்கோவும் ஜே.எஸ்.டபிள்யூ.வும் கூட்டாகக் கஞ்சமலையைத் தோண்டத் திட்டம் போட்டன. அடிவாரத்து ஜனங்கள் எதிர்த்தார்கள். 1825-ன் விண்ணப்பத்துக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம்: இப்போது மக்கள் கருத்துக் கேட்பு என்று ஒரு சடங்கு சட்டத்தில் இருக்கிறது. சடங்கு என்று எழுதிவிட்டேன். ஆனால் அந்த ஜனங்கள் கையில் பிடித்துக்கொள்ள இருந்த ஒரே தாள் அதுதான். அதைக் கேலி செய்ய எனக்கு யோக்யதை இல்லை.

யோக்யதை என்றதால் இதையும் சொல்லிவிடுகிறேன். சென்ற வருஷம் எங்கள் கிளைக்குப் பட்டறைக்காரர் ஒருவர் வந்தார். பவர் ஹாமர் வாங்கக் கடன். மனுவைப் பூர்த்தி செய்து கொடுத்ததும் நான்தான், இரண்டு மாதம் கழித்து அது திரும்பி வந்ததைச் சொன்னதும் நான்தான். ஈடு போதாது, முந்தைய வருஷங்களின் கணக்கு இல்லை. விதிப்படி சரி. அதே வாரம் நாளிதழில், கோடிகளில் கடன் வாங்கித் திவாலான ஒரு நிறுவனத்தின் பாக்கியில் பெரும்பங்கை வங்கிகள் விட்டுக்கொடுத்த செய்தி. 2016-ன் திவால் சட்டப்படி அதுவும் சரி. எங்கள் பாஷையில் இதற்கு ‘ஹேர்கட்’ என்று பெயர், மயிர்தானே, வளர்ந்துவிடும்.

பட்டறைக்காரர் கோபப்படவில்லை. கவுண்டரில் இருந்த கிட்டத்தை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஓரத்தைப் பெருவிரலால் தேய்த்தார்.

“இது கையில ஊதின உலைதானுங்க சார். மிசின் காத்து பட்டிருந்தா இப்பிடி இருக்காதுங்க. எங்க கெடைச்சுதுங்க?”

சொன்னேன். தலையாட்டிவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்தார்.

“சரிங்க சார், அந்த மனுவை மறுக்கா போடலாமுங்களா?”