அலாவுதீன் கில்ஜியின் படை ஊதியமும் கருவூலமும்: பரனியின் கணக்கை முன்வைத்து

டெல்லி சுல்தான் அலாவுதீன் கில்ஜி (1296–1316) அரியணை ஏறுவதற்கு முன்பே தேவகிரியைத் தாக்கிப் பெருஞ்செல்வம் சேர்த்திருந்தார். 1311இல் மாலிக் கபூர் மதுரை வரை வந்து திரும்பியபோது யானைகளும் குதிரைகளும் பொன்னும் டெல்லியைச் சென்றடைந்தன. எனவே, சுல்தானின் பெரும்படையைத் தாங்கியது தென்னகக் கொள்ளையே என எண்ணத் தோன்றும். ஜியாவுதீன் பரனி 1357இல் எழுதி முடித்த ‘தாரிக்-இ-பிரோஸ் ஷாஹி’ தரும் கணக்கு அவ்வெண்ணத்திற்கு இடம் தரவில்லை. கொள்ளைப்பொருள் எப்போதேனும் வருவது. படைவீரனின் ஊதியமோ ஆண்டுதோறும் தரப்பட வேண்டியது.

1303இல் தார்கியின் தலைமையில் வந்த மங்கோலியர் டெல்லியைச் சூழ்ந்துகொண்டனர். நகருக்குத் தானியம் வரும் வழிகள் அடைபட்டன. அதன்பின் கோட்டைகள் செப்பனிடப்பட்டன; படையைப் பெருக்குவது எனவும் முடிவாயிற்று. அத்தனை வீரர்களுக்கும் உயர்ந்த ஊதியம் அளித்தால் ஐந்தாறு ஆண்டுகளில் கருவூலம் வறண்டுவிடும் என்று சுல்தான் கருதியதாகப் பரனி எழுதுகிறார். சேர்த்துவைத்த செல்வம் எத்தனை பெரிதாயினும் அதற்கு எல்லை உண்டு என்னும் தெளிவு இக்கூற்றில் வெளிப்படுகிறது.

ஆண்டுக்கு 234 தங்கா என ஊதியம் வகுக்கப்பட்டது. இரண்டாம் குதிரை வைத்திருப்பவருக்கு மேலும் 78 தங்கா. முதல்தரக் குதிரையின் விலை 100 முதல் 120 தங்கா வரை. அதாவது ஐந்தாறு மாத ஊதியம். போலிக் குதிரைகளைக் காட்டி ஊதியம் பெறுவதைத் தடுக்கக் குதிரைகளுக்குச் சூட்டுக்குறி இடப்பட்டது. வீரர்களின் அங்க அடையாளங்களும் பதிவாயின. படையின் அளவைப் பொறுத்தவரை, பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய பெரிஷ்தா 4,75,000 குதிரைவீரர் என்கிறார். அதை ஏற்றால் அடிப்படை ஊதியம் மட்டுமே 11 கோடித் தங்காவைத் தாண்டும். இவ்வெண்ணை எச்சரிக்கையுடனே கையாள வேண்டும்.

இவ்வூதியத்தில் வீரன் வாழ வேண்டுமானால் விலைகள் தாழ்ந்திருக்க வேண்டும். கோதுமை ஒரு மன் ஏழரை ஜிட்டல், பார்லி 4, நெல் 5 என விலைகள் குறிக்கப்பட்டன. வெறும் ஆணையால் இவ்விலைகள் நிலைத்திருக்க இயலாது. விளைச்சலில் பாதி நிலவரியாயிற்று. தோவாபின் அரசு நிலங்களில் அவ்வரி தானியமாகவே பெறப்பட்டு டெல்லிக் களஞ்சியங்களில் சேர்ந்தது. தானியம் சுமந்த வணிகர்கள் யமுனைக் கரையில் குடியமர்த்தப்பட்டுச் சந்தை அதிகாரி மாலிக் கபூலின் பொறுப்பில் வைக்கப்பட்டனர். குதிரைவீரனுக்குக் கிடைத்த மலிவின் விலையை உழவரும் வணிகரும் கொடுத்தனர் என்பதே இவ்வேற்பாட்டின் உட்பொருள்.

விலைக்கட்டுப்பாட்டின் நோக்கம் குறித்துச் சான்றுகள் ஒத்துப்போகவில்லை. அமீர் குஸ்ரோ அதை மக்கள் நலச் செயலாகப் போற்றுகிறார். ‘கைர்-உல்-மஜாலிஸ்’ நூலும் அவ்வாறே கூறுகிறது. குஸ்ரோவின் நூல் அரசவைப் புகழுரை. ‘கைர்-உல்-மஜாலிஸ்’ ஒரு சூஃபி ஞானியின் உரையாடல்களின் தொகுப்பு. பரனியோ சுல்தானிடம் டெல்லிக் கோத்வாலாக இருந்த அலா-உல்-முல்கின் உறவினர். நிர்வாகச் செய்திகளைக் கேட்டறியும் வாய்ப்பு அவருக்கு இருந்தது. ஊதியம், குதிரைவிலை, தானியவிலை ஆகியவை அவர் நூலில் ஒன்றோடொன்று பொருந்தி நிற்பதும் கருதத்தக்கது. மலிவால் நகரமக்களும் பயனடைந்தனர் என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆயினும் அதைத் தொடக்க நோக்கமாகக் கொள்ளப் பரனியின் விவரங்கள் துணைசெய்யவில்லை.

சுல்தானின் மறைவுக்குப்பின் முபாரக் ஷா காலத்தில் இக்கட்டுப்பாடுகள் தளர்ந்து விலைகள் உயர்ந்தன. பிரோஸ் துக்ளக் (1351–1388) ஆட்சியில் வீரர்களுக்கு ரொக்க ஊதியத்திற்கு மாற்றாக ஊர்களின் வரி வருவாய் ஒதுக்கப்பட்டது. அலாவுதீன் விலக்கி வைத்திருந்த முறை அவ்வாறு மீண்டும் நடைமுறைக்கு வந்தது.