தூங்கி எழும் லேப்டாப்பும் தொலைந்துபோகும் வைஃபையும்

லேப்டாப்பை மூடி வைத்துவிட்டுச் சாப்பிட்டு வந்து திறந்தால், வைஃபை மட்டும் வராது. தேர்வுக் கட்டணம் கட்டக் கடைசி நாளன்று எனக்கு இப்படி ஆனது. சாமளாபுரத்திலிருந்து பஸ் ஏறி பிரௌசிங் சென்டருக்கு ஓடினேன். பிறகுதான் இதன் வரலாற்றைத் தேடிப் படித்தேன்.

1992ல் இன்டெலும் மைக்ரோசாஃப்டும் கொண்டுவந்த ஏ.பி.எம். முறையில், கணினியைத் தூங்க வைப்பது பயாஸின் வேலை. 1996 டிசம்பரில் இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூன்றும் வெளியிட்ட ஏ.சி.பி.ஐ. அந்தப் பொறுப்பை விண்டோஸ், லினக்ஸ் போன்ற இயங்குதளங்களிடம் கொடுத்தது.

வைஃபைக்கான 802.11 தரம் வந்ததோ 1997ல்! 2003ல் வந்த சென்ட்ரினோதான் வைஃபையை லேப்டாப்புக்குள்ளேயே பரவலாக்கியது. தமிழகத்தில் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தால் எங்கள் ஊர் மாதிரி இடங்களிலும் வீட்டுக்கு வீடு லேப்டாப் வந்தது. கூடவே இந்தச் சிக்கலும் பழக்கமானது.

காரணம் இதுதான். வழக்கமான தூக்கத்தில் ரேமுக்கு மின்சாரம் போய்க்கொண்டிருக்கும். வைஃபை கார்டுக்குப் பெரும்பாலும் நின்றுவிடும். அதில் ஏற்றியிருந்த ஃபர்ம்வேரும் அழிந்துபோகலாம். எழுந்ததும் டிரைவர் கார்டை முதலிலிருந்து தயார் செய்து, ரூட்டரோடு மறுபடி இணைக்க வேண்டும். ஒரு படி தவறினாலும் இணைப்பு வராது. கரண்ட் போய் வந்தால் விசைத்தறியை நாம்தானே மறுபடி ஓட்டிவிட வேண்டும்? அதே கதைதான்.

விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, வைஃபை கார்டை டிஸேபிள் செய்து மறுபடி எனேபிள் செய்து பாருங்கள். பெரும்பாலும் சரியாகிவிடும். அங்கேயே பவர் மேனேஜ்மென்ட் பகுதி இருந்தால், மின்சாரத்தை மிச்சப்படுத்தக் கார்டை நிறுத்தலாம் என்ற டிக்கையும் எடுத்துவிடுங்கள்.

அன்றைக்கே இது தெரிந்திருந்தால் எனக்கு பஸ் காசு மிச்சம்!