ஒலியும் அதன் பிறப்பிடமும்

மலாக்காவின் பழஞ்சின்னங்களுள் ஒன்று, 1728ஆம் ஆண்டில் எழுந்த தெங்கேராப் பள்ளிவாசல். பள்ளிவாசல்களில் சிறார்க்குக் குர்ஆன் ஓதக் கற்பிக்கும் நெறி, தமிழாசிரியரும் எண்ணிப் பார்க்கத் தக்கது.

அரபியில் ‘கல்பு’ என்கையில், அடிநா உள்நாக்கை ஒட்டிப் பொருந்தினால் நெஞ்சம் என்பது பொருள். சற்று முன்னே பொருந்தினாலோ நாய்! தமிழெழுத்தில் இரண்டும் ஒன்றே. ஆகவே, ஓதல் இலக்கணமாகிய தஜ்வீத், ஏட்டினும் ஆசிரியர் வாயையே நம்பியது. 1429இல் மறைந்த இப்னுல் ஜஸரி, ஒலிப் பிறப்பிடங்கள் 17 என வகுத்தார். தொல்காப்பியப் பிறப்பியல் காட்டுவதும் இவ்வழியே அன்றோ?

கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) போன்றோர், அரபெழுத்துக்குப் புள்ளி கூட்டித் தமிழை எழுதினர். அரபுச் சொல்லும் தன் ஒலி இழக்கவில்லை. நம் ழகரமும் தனி வடிவம் பெற்றது.

லகர, ளகர, ழகரம் மயங்கும் பிள்ளையிடம், “தவறு” என்று கூறி அமையாது, நாப் பொருந்தும் இடத்தைக் காட்டுவோமாக.