சுமங்கலித் திட்டம்: யார் சொன்ன கதை?

போத்தனூருக்கு ரயில் வந்தது 1862ல். ராபர்ட் ஸ்டேன்ஸ் கோவையில் நூற்பாலை தொடங்கியது 1888ல். 1930களில் பைகாரா மின்சாரம் வந்ததும் மில்கள் பெருகின... இதெல்லாம் கோவைக்காரர்கள் பெருமையாகச் சொல்லும் வரலாறு. அதே மில்களின் வரலாற்றில் சங்கடமான ஒரு பக்கமும் உண்டு, சுமங்கலித் திட்டம்.

1990களின் கடைசியிலும் 2000களிலும் கோவை, திருப்பூர், திண்டுக்கல் வட்டார மில்கள் தென்மாவட்ட கிராமங்களில் நோட்டீஸ் கொடுத்து, புரோக்கர் வைத்து ஆள் எடுத்தன. பெரும்பாலும் ஏழை தலித் வீட்டுப் பெண்கள். 14 வயதிலிருந்து 20 வயதுக்குள். மூன்று வருடம் மில் விடுதியில் தங்கி வேலை செய்தால் கடைசியில் 30,000 முதல் 50,000 ரூபாய் வரை மொத்தமாகக் கிடைக்கும், கல்யாணத்துக்கு ஆகும் என்பது வாக்குறுதி. (வரதட்சணை 1961லிருந்தே சட்டப்படி குற்றம் என்பதை யாரும் கண்டுகொள்ளவில்லை!)

பள்ளிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? 2010ல் அமலுக்கு வந்த கட்டாயக் கல்விச் சட்டம் 14 வயதோடு நின்றுவிடுகிறது. 2016 திருத்தம் வரை குழந்தைத் தொழிலாளர் சட்டமும் 14 வயது வரைதான் பார்த்தது. பள்ளிக் கதவு மூடுகிற அதே வயதில் மில் கேட் திறந்தது.

2011ல் நெதர்லாந்தைச் சேர்ந்த சோமோ, இந்தியா கமிட்டி ஆகிய இரண்டு அமைப்புகளும் இதைப்பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டன. ஐரோப்பிய, அமெரிக்க துணிக் கம்பெனிகள் பதில் சொல்ல வேண்டி வந்தது. 2014ல் அடுத்த அறிக்கை. ஐந்து மில்கள், 151 தொழிலாளர்களின் பேட்டிகள். இந்தப் பெண்கள் பேசியிராவிட்டால் எதுவும் நகர்ந்திருக்காது. அது உண்மை.

ஆனால் பேசியதற்கு விலை யார் கொடுப்பது? மில்லில் இருப்பவள் பேசினால் கடைசியில் வரவேண்டிய பணம் போகலாம். ஊருக்குத் திரும்பியவளின் பெயர் பேப்பரில் வந்தால் "மில்லுக்குப் போன பொண்ணு" என்ற பேச்சு கல்யாணத்தில் வந்து நிற்கும். நோட்டீஸ் அவளை "சுமங்கலி" என்றது. செய்திகள் "அடிமை" என்றன. தங்கையைப் படிக்க வைக்கவோ, வீட்டுக் கடனுக்காகவோ போனேன் என்று சொல்ல வருபவளுக்கு இரண்டு கதையிலும் இடம் இல்லை.

இது பழைய சிக்கல்தான். லண்டனில் டாக்டர் பர்னார்டோ ஆதரவற்ற பிள்ளைகளுக்கு இல்லம் நடத்தினார். நன்கொடைக்காக "வந்தபோது", "இப்போது" என்று இரட்டைப் படங்கள் எடுத்து விற்றார். உடையை வேண்டுமென்றே கிழித்துப் படம் எடுத்தார் என்று புகார் வந்து, 1877ல் நடுவர் விசாரணை நடந்தது. பெரிய குற்றச்சாட்டுகளிலிருந்து தப்பினார், படங்களுக்காக மட்டும் கண்டிக்கப்பட்டார். நல்ல காரியம் செய்தவர்தான், அதனால்தான் இந்த உதாரணம்.

இந்தியாவில் 2015ன் சிறார் நீதிச் சட்டம் 74வது பிரிவு, பாதிக்கப்பட்ட சிறாரின் படத்தை மட்டுமல்ல, பெயர், முகவரி, படிக்கும் பள்ளி, அடையாளம் காட்டும் வேறெந்த விவரத்தையும் வெளியிடக்கூடாது என்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டுமே. முகத்தை மட்டும் மங்கலாக்கிவிட்டு ஊரையும் பள்ளியையும் சொல்லும் டிவி செய்தியும் இதில் மாட்டும். 15 வயதில் மில்லுக்குப் போனவள் மூன்று வருடம் முடித்து வெளியே வந்து வாய் திறக்கும்போது அவளுக்கு 18 ஆகியிருக்கும். அதற்குமேல் நடப்பதைச் சொல்ல வரும்போது அவள் சிறாரும் இல்லை, 74வது பிரிவும் இல்லை.