மடிக்கணினி இயங்குதள இற்றைப்படுத்தல் தோல்விகளும் பழுதுநீக்கமும் – ஒரு வரலாறு

இயங்குதள இற்றைப்படுத்தல் என்பது, கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருளில் உள்ள பிழைகளையும் பாதுகாப்பு ஓட்டைகளையும் சரிசெய்ய, அதன் கோப்புகளைப் புதிய கோப்புகளால் மாற்றும் பணியாகும். பேச்சு வழக்கில் இதனை ‘அப்டேட்’ என்கிறோம். இப்பணி பாதியில் நின்றுவிட்டால் மடிக்கணினி பழைய நிலைக்குத் திரும்பலாம், மீண்டும் மீண்டும் அணைந்து எழலாம், அல்லது நீலத் திரையுடன் நின்றுவிடலாம். இத்தகைய தோல்விகளை நீக்க இன்று பல கருவிகள் உள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை, முன்பு ஒருமுறை ஏதேனும் தவறாகப் போனதன் பிறகு உருவானவை அல்லது திருத்தப்பட்டவை. எனவே தோல்விகளின் வரலாற்றை அறிந்தவருக்குப் பழுதுநீக்கும் முறையும் எளிதில் விளங்கும். இக்கட்டுரை பெரும்பாலும் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் விண்டோஸ் இயங்குதளத்தைப் பற்றியது.

வட்டிலிருந்து இணையத்திற்கு

1990களின் நடுப்பகுதி வரை, ஒருவர் கணினி வாங்கியபோது அதில் இருந்த இயங்குதளமே பெரும்பாலும் கடைசிவரை அதில் இருந்தது. திருத்தங்கள் ‘சர்வீஸ் பேக்’ என்ற பெயரில் தொகுக்கப்பட்டு வட்டுகளில் வந்தன. விரும்பியவர் நிறுவிக்கொண்டார், மற்றவர் விட்டுவிட்டார்.

1998 ஜூனில் வெளியான விண்டோஸ் 98 உடன் ‘விண்டோஸ் அப்டேட்’ என்னும் இணையதளம் அறிமுகமானது. பயனரே அத்தளத்திற்குச் சென்று தமக்கு வேண்டியதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 2000 செப்டம்பரில் வெளியான விண்டோஸ் எம்இ, தானாகவே இற்றைகளைத் தேடும் வசதியைக் கொண்டுவந்தது. அதே பதிப்பில்தான் ‘சிஸ்டம் ரீஸ்டோர்’ எனப்படும் மீட்டமைப்பு வசதியும் வந்தது. மாற்றம் செய்யும் முன் கணினியின் நிலையைக் குறித்துவைத்து, வேண்டும்போது அந்நிலைக்குத் திரும்புவதே அதன் பணி. தானாக முன்னே செல்லும் வசதியும் பின்னே திரும்பும் வசதியும் ஒரே பதிப்பில் சேர்ந்து வந்தது கவனிக்கத்தக்கது.

பிளாஸ்டர் புழுவும் இரண்டாம் செவ்வாயும்

இற்றைப்படுத்தாமல் விடுவதன் விலையை உலகம் 2003இல் அறிந்தது. விண்டோஸில் இருந்த ஓர் ஓட்டைக்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அவ்வாண்டு ஜூலை 16 அன்று வெளியிட்டது. அதே ஓட்டையைப் பயன்படுத்திய ‘பிளாஸ்டர்’ என்னும் புழு ஆகஸ்ட் 11 அன்று பரவத் தொடங்கியது. இடையில் 26 நாட்கள் இருந்தும், பெருந்தொகையான கணினிகளில் திருத்தம் நிறுவப்பட்டிருக்கவில்லை. தாக்கப்பட்ட கணினிகளில் 60 விநாடிகளில் அணைந்துவிடும் என்ற அறிவிப்புத் தோன்றி, அவை திரும்பத் திரும்ப மறுதொடக்கம் ஆயின. திருத்தத்தைப் பதிவிறக்கி முடிப்பதற்குள் கணினி அணைந்துவிட்டதால், நோய்க்கான மருந்தை வாங்கவே நோய் விடவில்லை.

2003 அக்டோபர் முதல், ஒவ்வொரு மாதமும் இரண்டாம் செவ்வாய்க்கிழமை இற்றைகளை ஒன்றாக வெளியிடும் முறையை மைக்ரோசாஃப்ட் தொடங்கியது. நிறுவனங்களின் கணினி நிர்வாகிகள் முன்கூட்டியே திட்டமிட இது உதவியது. அமெரிக்க மேற்குக் கரையில் காலை 10 மணிக்கு வெளியாகும் இவ்விற்றைகள், இந்தியாவிலும் இலங்கையிலும் செவ்வாய் இரவு 10.30 அல்லது 11.30 மணிக்குக் கிடைக்கின்றன. மாதத்தின் நடுவே ஒரு புதன்கிழமை காலையில் மடிக்கணினி ‘அணைக்காதீர்கள்’ என்று சொல்லிக் காத்திருப்பதன் காரணம் இதுவே.

2008: முடிவில்லா மறுதொடக்கம்

2008ஆம் ஆண்டு இரு வேறு பாடங்களைக் கற்பித்தது. பிப்ரவரியில், விண்டோஸ் விஸ்டாவின் முதல் சர்வீஸ் பேக்கை ஏற்பதற்காகக் கணினியைத் தயார் செய்யும் ஒரு முன்னிற்றை அனுப்பப்பட்டது. இற்றைகளை நிறுவும் பொறியையே புதுப்பிப்பது அதன் நோக்கம். சில கணினிகள் அதனை நிறுவிய பின் பணியை முடிக்க இயலாமல் முடிவின்றி மறுதொடக்கம் ஆயின. மைக்ரோசாஃப்ட் அதன் தானியங்கி விநியோகத்தை நிறுத்திவைத்தது. ஏணியில் நின்றபடியே அந்த ஏணியின் படியை மாற்றுவது எவ்வளவு கடினம் என்பதற்கு இது சான்று.

மே மாதத்தில் விண்டோஸ் எக்ஸ்பியின் மூன்றாம் சர்வீஸ் பேக் வெளியானது. ஏஎம்டி செயலி கொண்ட சில கணினிகள் அதன் பின் தொடங்கவே இல்லை. அக்கணினிகளில் இன்டெல் செயலிக்குரிய இயக்கி நிரல் ஒன்று, தயாரிப்பாளர் நிறுவியிருந்த தொகுப்பின் வழியாக முன்னரே புகுந்திருந்தது. அதுவரை உறங்கிக் கிடந்த அந்தப் பொருந்தா இயக்கி, சர்வீஸ் பேக் நிறுவப்பட்ட பின் சிக்கலை உண்டாக்கியது. பாதுகாப்பு முறையில், அதாவது ‘சேஃப் மோட்’ நிலையில் கணினியைத் தொடங்கி அவ்வியக்கியை முடக்கியதும் அது சரியானது. இற்றைப்படுத்தல் தோற்றால் இயக்கிகளைச் சோதிக்க வேண்டும் என்பது அன்று முதல் பழுதுநீக்குவோரின் வழக்கமாயிற்று.

2010: ஒளிந்திருந்த கிருமி

2010 பிப்ரவரி 9 அன்று விண்டோஸின் கருப்பகுதியைத் திருத்தும் இற்றை ஒன்று வெளியானது. அதனை நிறுவிய எக்ஸ்பி கணினிகள் பலவற்றில் நீலத் திரை தோன்றியது. பயனர்கள் இற்றையைக் குறை கூறினர். ஆய்ந்து பார்த்தபோது, அக்கணினிகளில் ‘அலூரியான்’ என்னும் தீநிரல் ஏற்கெனவே ஒளிந்திருந்தது தெரிந்தது. அது கருப்பகுதியில் குறிப்பிட்ட முகவரிகளை நம்பி எழுதப்பட்டிருந்தது. இற்றை அம்முகவரிகளை இடம் மாற்றியதால் தீநிரல் தடுமாறி, கணினியையும் வீழ்த்தியது. தம் நிரல் வெளிப்பட்டுவிட்டதை உணர்ந்த அதன் ஆசிரியர்கள் விரைவிலேயே அதனைத் திருத்திக்கொண்டனர். மார்ச் 2 அன்று மீண்டும் வெளியான இற்றை, தொற்று இருக்கும் கணினியில் தன்னை நிறுவ மறுக்கும்படி அமைக்கப்பட்டது. தோல்வி என்பது எப்போதும் இற்றையின் குற்றமன்று. சில வேளைகளில் அது நோயைக் காட்டிக்கொடுக்கும் காய்ச்சல்.

கருவிகள் வந்த வரிசை

இன்று பயன்படும் முதன்மைக் கருவிகள் பல்வேறு காலங்களில் சேர்ந்தவை. பாதுகாப்பு முறை விண்டோஸ் 95இலேயே இருந்தது. இயங்குதளக் கோப்புகள் கெட்டுவிட்டனவா எனச் சோதித்து மாற்றும் ‘எஸ்எஃப்சி’ என்னும் கருவி விண்டோஸ் 98இல் வந்தது. 2007இல் வெளியான விண்டோஸ் விஸ்டா, இயங்குதளத்தைத் தனித்தனி உறுப்புகளாகப் பிரித்து, அவற்றின் நகல்களை ஒரு களஞ்சியத்தில் சேமிக்கும் முறையைப் புகுத்தியது. ‘வின்ஆர்இ’ எனப்படும் மீட்புச் சூழலும் அதனுடன் வந்தது. விண்டோஸ் தொடங்காதபோதும் வட்டின் ஒரு மூலையிலிருந்து தனியே எழுந்து பழுது பார்க்கும் சிறு இயங்குதளம் இது. 2012இல் வெளியான விண்டோஸ் 8, களஞ்சியத்தையே சீர்செய்யும் ஆற்றலை ‘டிஸ்ம்’ கருவிக்கு அளித்தது. சொந்தக் கோப்புகளை வைத்துக்கொண்டு விண்டோஸை மட்டும் புதிதாக அமைக்கும் வசதியும் அப்பதிப்பிலேயே கிடைத்தது.

விண்டோஸ் 10: விருப்பம் கட்டாயமானது

2015 ஜூலை 29 அன்று வெளியான விண்டோஸ் 10, வீட்டுப் பயனரிடமிருந்து மறுக்கும் உரிமையை எடுத்துக்கொண்டது. இற்றைகள் தாமாக வந்து தாமாக நிறுவப்பட்டன. பாதுகாப்பு நோக்கில் இதற்கு நியாயம் உண்டு. பிளாஸ்டர் கற்றுத்தந்ததும் அதுவே. ஆனால் 32 ஜிபி சேமிப்பகம் மட்டுமே கொண்ட மலிவு மடிக்கணினிகள் திணறின. புதிய பதிப்பை இறக்கவும், பழைய பதிப்பை ‘விண்டோஸ்.ஓல்ட்’ என்னும் கோப்புறையில் காக்கவும் அவற்றில் இடமில்லை. பழைய பதிப்புக்குத் திரும்ப முதலில் 30 நாட்கள் அளிக்கப்பட்டன. 2016 ஆகஸ்ட் பதிப்பில் அது 10 நாட்களாகக் குறைந்தது. 2019 மே பதிப்பு, புதிய கணினிகளில் இற்றைகளுக்கென ஏறத்தாழ 7 ஜிபி இடத்தை முன்பதிவு செய்யத் தொடங்கியது. வீட்டுப் பயனர் இற்றைகளை 35 நாட்கள் வரை தள்ளிவைக்கும் உரிமையும் அப்போது கிடைத்தது.

2018 அக்டோபர்: அழிந்த கோப்புகள்

இவ்வரலாற்றில் மிகவும் வருந்தத்தக்க நிகழ்வு 2018 அக்டோபர் 2 அன்று வெளியான 1809 பதிப்பாகும். சில பயனர்கள் இடவசதிக்காகத் தம் ஆவணங்கள், படங்கள் ஆகிய கோப்புறைகளை வேறு வட்டுப் பகுதிக்கு மாற்றியிருந்தனர். பழைய கோப்புறையிலும் சில கோப்புகள் தங்கியிருந்தன. அப்பழைய கோப்புறை தேவையற்ற நகல் எனக் கருதிய இற்றை, அதனை உள்ளிருந்த கோப்புகளுடன் அழித்துவிட்டது. சில நாட்களிலேயே விநியோகம் நிறுத்தப்பட்டு, நவம்பர் 13 அன்றுதான் மீண்டும் தொடங்கியது.

பாதிக்கப்பட்டோர், நிறுவியவர்களில் பத்தாயிரத்தில் ஒருவர் என்ற அளவிலேயே இருந்ததாக மைக்ரோசாஃப்ட் தெரிவித்தது. ஆயினும் அந்த ஒருவருக்கு இழப்பு முழுமையானது. சோதனைப் பயனர்கள் சிலர் முன்பே இதனைப் புகாராக அளித்திருந்தனர். ஆயிரக்கணக்கான கருத்துகளிடையே அது கவனிக்கப்படாமல் போயிற்று. அதன் பிறகு, சிக்கல் எவ்வளவு கடுமையானது எனக் குறிப்பிடும் வசதி கருத்துப் படிவத்தில் சேர்க்கப்பட்டது.

2024: இரு நிகழ்வுகள்

2024 ஜனவரி 9 அன்று, மீட்புச் சூழலில் இருந்த ஒரு பாதுகாப்புக் குறையைத் திருத்தும் இற்றை விண்டோஸ் 10க்கு வந்தது. அதற்கு மீட்புப் பகுதியில் 250 எம்பி காலி இடம் தேவைப்பட்டது. பல கணினிகளில் அவ்வளவு இடம் இல்லாததால், 80070643 என முடியும் பிழை எண்ணுடன் அது தோற்றது. பழுதுபார்க்கும் அறையே சிறிதாக இருந்ததால் அந்த அறையைப் பழுதுபார்க்க இயலவில்லை. பகுதியின் அளவைக் கையால் பெரிதாக்குவதே தீர்வாக அறிவிக்கப்பட்டது. இது சாதாரணப் பயனருக்கு எளிய வேலையன்று.

அதே ஆண்டு ஜூலை 19 அன்று நிகழ்ந்தது உலகறிந்தது. அதற்குக் காரணம் விண்டோஸ் இற்றை அன்று. கிரவுட்ஸ்ட்ரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான கோப்பு ஒன்று ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை நீலத் திரையில் நிறுத்தியது. 78 நிமிடங்களில் கோப்பு திரும்பப் பெறப்பட்டும், வீழ்ந்த கணினிகள் பெரும்பாலும் தாமாக எழவில்லை. இந்திய விமான நிலையங்கள் சிலவற்றில் பயணச் சீட்டுகளைக் கையால் எழுதிக் கொடுத்தனர். தீர்வு மிகப் பழையதாகவே இருந்தது: பாதுகாப்பு முறையில் தொடங்கி அந்தக் கோப்பை அழிப்பது. ஆனால் ஒவ்வொரு கணினியின் முன்னும் ஒருவர் அமர வேண்டியிருந்தது. வட்டு பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால் 48 இலக்க மீட்புச் சாவியும் தேவைப்பட்டது. தொடங்க இயலாத கணினியையும் இணையம் வழியாகச் சீர்செய்யும் திட்டத்தை அவ்வாண்டு நவம்பரில் மைக்ரோசாஃப்ட் அறிவித்தது.

பிற இயங்குதளங்கள்

2011இல் விற்பனைக்கு வந்த குரோம்புக் மடிக்கணினிகள் வேறு வழியைத் தேர்ந்தன. அவற்றில் இயங்குதளத்திற்கு இரு இடங்கள் உண்டு. ஒன்று இயங்கும்போது மற்றொன்றில் புதிய பதிப்பு எழுதப்படுகிறது. மறுதொடக்கத்தில் புதியது எழாவிட்டால் கணினி பழையதற்கே திரும்பிவிடும். லினக்ஸ் வழங்கல்கள் பல, புதிய கருநிரலை நிறுவும்போது பழையதையும் தொடக்கப் பட்டியலில் விட்டுவைக்கின்றன. ஆப்பிள் நிறுவனம் 2011இல் மேக் கணினிகளில் மீட்புப் பகுதியைச் சேர்த்தது. வழிகள் வேறாயினும் கருத்து ஒன்றே: புதியது நிலைபெறும் வரை பழையதை அழிக்கக் கூடாது.

இன்றைய பழுதுநீக்கும் வரிசை

மேற்கண்ட வரலாற்றிலிருந்து இன்றைய முறை இயல்பாகவே கிடைக்கிறது. எளியதிலிருந்து கடினமானதற்குச் செல்வதே விதி.

1. மின்னேற்றியை இணைத்துவிட்டுப் பொறுத்திருக்க வேண்டும். விழுக்காட்டு எண் நகராவிட்டாலும் வேலை நடந்துகொண்டிருக்கலாம். சில மணி நேரம் கழிந்த பின்னரே வலிந்து அணைப்பதை எண்ண வேண்டும்.

2. பிழை எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். 80070070 என முடிந்தால் இடப் பற்றாக்குறை. சி1900101 எனத் தொடங்கினால் பெரும்பாலும் இயக்கிச் சிக்கல்.

3. வட்டில் இடம் ஏற்படுத்தி, அச்சுப்பொறி, பென்டிரைவ் போன்ற வெளிக்கருவிகளைக் கழற்றிவிட்டு, மறுதொடக்கம் செய்து மீண்டும் முயல வேண்டும். தீநிரல் சோதனையும் செய்துகொள்வது நல்லது.

4. பதிவிறக்கம் கெட்டிருந்தால், இற்றைச் சேவையை நிறுத்தி, ‘சாஃப்ட்வேர் டிஸ்ட்ரிபியூஷன்’ கோப்புறையின் பெயரை மாற்ற வேண்டும். விண்டோஸ் புதிதாக ஒன்றை உருவாக்கிக்கொள்ளும்.

5. முதலில் டிஸ்ம், பிறகு எஸ்எஃப்சி. கெட்ட கோப்புக்கு மாற்றை எஸ்எஃப்சி களஞ்சியத்திலிருந்தே எடுக்கிறது. களஞ்சியமே கெட்டிருந்தால் மாற்றும் பயன்படாது.

6. விண்டோஸ் தொடங்கவே இல்லையெனில், மீட்புச் சூழலுக்குச் சென்று அண்மைய இற்றையை நீக்கலாம். தொடக்கம் அடுத்தடுத்துத் தோற்றால் இச்சூழல் பெரும்பாலும் தானாகவே தோன்றும்.

7. அதுவும் பலிக்காவிடில், வேறொரு கணினியில் நிறுவல் பென்டிரைவ் தயாரித்து அதன் மீட்புக் கருவிகளைப் பயன்படுத்தலாம். விண்டோஸ் திறக்குமானால், அதே பென்டிரைவைக் கொண்டு கோப்புகளை வைத்துக்கொண்டே மறுநிறுவல் செய்யலாம். முழுமையாக அழித்து நிறுவுவது கடைசி வழி.

திரும்பும் வழியில் சேராதது

மீட்டமைப்பு, பழைய பதிப்புக்குத் திரும்புதல், இற்றையை நீக்குதல் ஆகிய அனைத்தும் இயங்குதளத்தைக் காப்பவை. பயனரின் ஆய்வேடு, குடும்பப் படங்கள், கணக்குக் கோப்புகள் ஆகியவற்றுக்கு அவை பொறுப்பேற்பதில்லை. இயங்குதளத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் மீண்டும் நிறுவலாம். 2018இல் அழிந்த கோப்புகளுக்கு அந்த வாய்ப்பு இல்லை. வேறொரு வட்டிலோ இணையச் சேமிப்பிலோ நகல் வைத்திருந்தவர்கள் மட்டுமே கவலையின்றி இருந்தனர்.

விண்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவுற்றது. அதனால் பலர் பழைய மடிக்கணினிகளில் விண்டோஸ் 11க்கோ லினக்ஸுக்கோ மாறுகின்றனர். இது மாதாந்திர இற்றையைவிடப் பெரிய மாற்றம். அதனைத் தொடங்கும் முன் இரண்டு செயல்களைச் செய்துவிட வேண்டும்: கோப்புகளின் நகலைக் கணினிக்கு வெளியே வைப்பது, பிட்லாக்கர் மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வைப்பது.